சாம்பல் நிற வீழ்படிவு

ஏடீன் உறையைப் பிரித்தாள், தாளைப் பார்த்தாள், மடித்து மறுபடியும் உறைக்குள்ளேயே வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தட்டிக்கொடுத்து ஏதாவது சொல்லியிருப்பேன். ஆகஸ்ட் மாதம் தேர்வு முடிவு வரும் வியாழக்கிழமை எங்கள் பள்ளியில் ஒரு பக்கம் கட்டிப்பிடிப்பும் கூச்சலுமாக இருக்கும், இன்னொரு பக்கம் கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்கும். இவள் இரண்டிலும் சேராமல் நேராக என்னிடம் வந்தாள்.

"கிரான்யா, வேதியியல்ல ஏ கிரேடுதான்."

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பெல்ஃபாஸ்டின் மற்ற பள்ளிக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கணக்கும் வேதியியலும் வரலாறும் ஐரிஷ் மொழியில் நடத்துகிறோம் என்பதற்கே சுளித்த முகம்தான் அது. கூட ஒரு சுளிப்பு, அவ்வளவுதான்.

"ஏ ஸ்டார் இல்லையா?"

"இல்ல. ஒரே ஒரு மார்க்குல போச்சு."

பதினாறு வயதுப் பெண் வேதியியலில் ஏ வாங்கினால் வீட்டில் கேக் வெட்டுவார்கள். ஏடீன் வீட்டு நிலவரம் வேறு. அவள் அம்மா ப்ரோனா முடிவெட்டும் கடை வைத்திருப்பவள், வாயும் கத்தரிதான். மகள் மூன்று வயதிலிருந்து ஐரிஷில் படித்ததைப் பொறுத்துக்கொண்டவள், மேல்வகுப்பு என்று வந்ததும் பிடிவாதமாக நின்றுவிட்டாள். மருந்தாளர் ஆக வேண்டிய பெண், இனிமேலாவது ஆங்கிலப் பள்ளிக்குப் போகட்டும் என்றாள். ஏடீன் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் என் முன்னால் வைத்துத்தான் இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: வேதியியலில் ஏ ஸ்டார் வாங்கினால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் செப்டம்பரில் சீருடை மாறும்.

அந்தப் பெண் இந்தப் பள்ளியை விட்டுப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நன்றாகப் படிப்பாள் என்பதற்காக மட்டும் இல்லை. அவள் ஐரிஷில் வாயாடுவாள். இலக்கணத்தைப் போட்டு மிதிப்பாள், பாதி வாக்கியத்தில் வினைச்சொல்லை மறந்துவிட்டுக் கையை ஆட்டிச் சமாளிப்பாள், ஆனாலும் நிறுத்தமாட்டாள். ஆய்வகத்தில் அவள் வாயை மூடவைக்க நான் கத்தாத நாள் கிடையாது.

"இரு, விடைத்தாளை வரவழைக்கிறேன்" என்றேன். "ஒரு மார்க்கை எங்க முழுங்கினாங்கன்னு பாத்துடலாம்."

விடைத்தாள் வந்தது. கூடவே அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. எங்கள் பிள்ளைகள் ஐரிஷில் எழுதுவார்கள். திருத்துகிறவருக்கு ஐரிஷ் தெரியாது. அதனால் தேர்வு வாரியம் ஓர் ஆளை வைத்து விடையை ஆங்கிலத்தில் எழுதி வாங்கும், திருத்துகிறவர் அந்த ஆங்கிலத்தைத் திருத்துவார். அதாவது எங்கள் பிள்ளைகள் எழுதியதை யாரும் திருத்துவதில்லை, அவர்கள் எழுதியதாக இன்னொருவர் சொல்வதைத்தான் திருத்துகிறார்கள். வருடக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது, இதுகூடப் போராடி வாங்கியதுதான்.

கேள்வி சாதாரணமானது. இரும்பு(II) உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் என்ன தெரியும்? பச்சை நிற வீழ்படிவு தெரியும். சோதனைக் குழாயில் நானே ஊற்றிக் காட்டியிருக்கிறேன், ஏடீன் குழாயை மூக்கருகில் கொண்டுபோய்த் திட்டும் வாங்கியிருக்கிறாள். தாளில் சரியாகத்தான் எழுதியிருந்தாள். மொழிபெயர்ப்பில் "சாம்பல் நிற வீழ்படிவு" என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

ஆசிரியர் அறையில் நான் வாய்விட்டுத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அவள் எழுதிய சொல் க்ளஸ். எங்கள் மொழியில் க்ளஸ் என்றால் பச்சை. புல் க்ளஸ், இலை க்ளஸ். ஆனால் ஆடு க்ளஸ் என்றால் அது சாம்பல் நிற ஆடு. மழைக்கு முன்னால் வானமும் க்ளஸ், கடலும் க்ளஸ். துணிக்கு ஏற்றும் பச்சை, சுவருக்குப் பூசும் பச்சை, இதற்கெல்லாம் ஊன்யா என்று தனிச்சொல் இருக்கிறது. தாய்ப்பாலோடு மொழியைக் குடித்தவர்கள் இரண்டையும் குழப்பமாட்டார்கள். நகரத்தில், பள்ளிக்கூடத்தில் மொழியைக் கற்றுக்கொண்ட எங்கள் பிள்ளைகளுக்குச் சிக்னல் விளக்கிலிருந்து சோதனைக் குழாய் வரை எல்லாம் க்ளஸ்தான். அறிவியல் பாடத்துக்கென்று அதிகாரிகளே அச்சடித்துக் கொடுத்த சொற்பட்டியலிலும் பச்சைக்கு க்ளஸ் என்றுதான் போட்டிருக்கிறது.

மொழிபெயர்ப்பவர் யார் என்பதை வாரியம் வெளியே சொல்லாது. பெரிய ரகசியம். இந்த ஊரில் அறிவியல் விடைத்தாளை ஐரிஷிலிருந்து மாற்றுகிற ஆள் ஒருவர்தான் என்பது எங்கள் பாலர் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும்.

அவர்தான் ஃபெர்கல். டோனிகால் மாவட்டத்தில், மலையோரத்தில் ஐரிஷ் பேசும் வீட்டில் பிறந்தவர். கூட்டங்களில் அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம், எங்கள் ஐரிஷ் எங்களுக்கே வெட்கமாக இருக்கும். எங்கள் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் இல்லாத நாட்களில் மழையில் பதாகை பிடித்து நின்ற மனிதர். அவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது என் கோபம் பாதியாகியிருந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்தார், சோடா ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவி முன்னால் தள்ளினார். நான் தாளை அவர் முன்னால் தள்ளினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இதுல என்ன தப்பு? க்ளஸ்னு எழுதியிருக்கா. சாம்பல்னு போட்டிருக்கேன்."

"பச்சை, ஃபெர்கல். அது பச்சை!"

"பச்சைன்னா ஊன்யான்னுல்ல எழுதியிருக்கணும்? கண்ணாடிக் குழாய்க்குள்ள என்ன, புல்லா முளைச்சுக் கெடக்கு?"

"எங்க பிள்ளைங்க எல்லாத்தையும் க்ளஸ்னுதான் சொல்லும்."

"சொல்லும், சொல்லும். எங்கப்பாகிட்ட மந்தை நிறைய ஆடு இருந்துச்சும்மா, பாதி க்ளஸ். ஒண்ணுகூடப் பச்சையா இல்ல. இருந்திருந்தா டிக்கெட் போட்டு வித்துப் பணக்காரன் ஆயிருப்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்ததற்காக எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

"அறிவியலுக்குன்னு சொற்பட்டியல் ஒண்ணு குடுத்திருக்காங்களே, அதைப் பாக்கலையா நீங்க?"

"நான் பொறந்த மொழிக்கு எனக்கே பட்டியல் போட்டுக் குடுக்க அவங்க யாரு?" என்றார். குரல் ஏறிவிட்டது. "வானொலிக்காரன் வந்து என்கிட்டக் கேட்டுட்டுப் போவான், எது சரின்னு."

அப்போதுதான் நான் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு மதிப்பெண்ணில் ஒரு பெண் பள்ளியை விட்டு, மொழியை விட்டுப் போகப்போகிறாள் என்று சொன்னேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"யாரு பொண்ணு?"

"ப்ரோனா மக."

"எங்க தெருமுனையில கடை வச்சிருக்காளே, அந்த ப்ரோனாவா? எனக்கு முடி வெட்டி விடுறவளாச்சே அவ."

"அவதான்."

தாளை எடுத்து மறுபடியும் ஒருமுறை படித்தார். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு, அவ எழுதினதுல தப்பு இல்ல. நான் எழுதிக் குடுக்கிறேன். எனக்கு வேதியியல் தெரியாது, இடம் தெரியாம மொழிபெயர்த்துட்டேன்னு வாரியத்துக்கு எழுதறேன்" என்றார். அந்த வாய் அப்படிச் சொல்லிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. மொழி நன்றாகத் தெரிந்த ஒரே மனிதர் நன்றாக மொழிபெயர்த்ததால் எங்கள் பெண் தோற்றிருக்கிறாள். இதற்கு யார்மேல் கோபப்படுவது?

வாரியத்தின் அலுவலகத்துக்கு ஏடீன், ப்ரோனா, நான் மூவரும் போனோம். மேல்முறையீடுகளைப் பார்க்கும் ஹட்டன் என்ற மனிதர் வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டார், ஐரிஷில் காலை வணக்கம் சொன்னார். எங்களுக்காகவே முந்தின நாள் பழகியிருக்க வேண்டும், அப்படித் தட்டுத்தடுமாறிச் சொன்னார். சண்டை போடத் தயாராகப் போனவளுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, பிறகு ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தோம்.

"திருத்தினவர் மேல தப்பு சொல்ல முடியாது. அவர் பார்த்தது சாம்பல், சாம்பல்னா தப்பு. மேல்முறையீடு திருத்தத்தைப் பத்தி மட்டும்தான். மொழிபெயர்ப்பு அதுல வராது."

"அப்ப மொழிபெயர்ப்பு தப்பா இருந்தா எங்க போய்ச் சொல்றது?"

"அதுக்குன்னு ஒரு வழி இதுவரைக்கும் இல்லைங்க."

"மொழிபெயர்த்தவரே கடிதம் எழுதியிருக்காரே!"

ஹட்டன் மேசைமேல் இருந்த உறையைத் தொட்டார். அது பிரிக்கப்படவே இல்லை. "வந்திருக்கு. என்ன எழுதியிருக்கார்னு நீங்க ஃபோன்ல சொன்னதால எனக்குத் தெரியும். ஆனா நான் இன்னும் படிக்கல."

"படிக்கலையா?" ப்ரோனா நாற்காலியில் முன்னால் வந்தாள். "ஏன், கண்ணாடி கொண்டுவரலையா சார்?"

அவர் கோபப்படவில்லை. "படிச்சுட்டேன்னா, மொழிபெயர்ப்பாளர் தப்பு ஒத்துக்கிட்டார்னு பதிவு பண்ணணும். பதிவு பண்ணினா, அவர் மாத்தின எல்லா விடைத்தாளும் சந்தேகத்துக்கு உரியதாயிடும். புது ஆள் கிடைக்கிற வரைக்கும் மொழிபெயர்ப்பையே நிறுத்தணும்னு மேல சொல்லுவாங்க. நிறுத்தினா அடுத்த வருஷம் உங்க பிள்ளைங்க எல்லாரும் ஆங்கிலத்துலதான் எழுதணும். வேற ஆள் இருக்காங்களா உங்ககிட்ட?"

வேறு ஆள் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது எங்களுக்கு அவர் செய்யும் உதவி.

"ஆனா இன்னொரு வழி இருக்கு" என்று ஒரு படிவத்தை எடுத்தார். சிறப்புப் பரிசீலனை. தேர்வு நேரத்தில் காய்ச்சலில் விழுந்த பிள்ளைகள், வீட்டில் சாவு நடந்த பிள்ளைகள், காது சரியாகக் கேட்காத பிள்ளைகள், இவர்களுக்காக வைத்திருப்பது. ஒன்றிரண்டு மதிப்பெண் கூட்டிப் போடலாம். காரணங்கள் வரிசையாக அச்சடித்திருந்தன. ஹட்டன் பேனாவால் ஒன்றைக் காட்டினார்: விடை எழுதிய மொழியில் மாணவருக்குப் போதிய தேர்ச்சி இல்லை.

"இதைக் குறிச்சு மாணவி கையெழுத்து போட்டா, துல்லியமில்லாத சொல்லைப் போட்டுட்டாங்க, அர்த்தம் சரிதான்னு நான் எழுதிடுவேன். ஒரு மார்க்கு வந்துடும். யாருக்கும் பாதகம் இல்ல."

ஏடீன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். "எந்த மொழியில போதிய தேர்ச்சி இல்ல?"

"நீங்க விடை எழுதின மொழியில."

"ஐரிஷ்ல."

"ஆமா."

"போடாதே" என்றேன் நான், ஐரிஷில். பிறகு ஹட்டனைப் பார்த்து ஆங்கிலத்தில் கொட்டினேன். ஆங்கிலத்தில் எழுதின பிள்ளை எவனாவது ஒரு மார்க்குக்காக எனக்கு ஆங்கிலம் வராது என்று எழுதிக்கொடுத்ததுண்டா? இந்தப் பெண் படிக்க ஆரம்பித்ததே இந்த மொழியில்தான். காய்ச்சலும் சாவும் செவிட்டுத்தனமும் போட்டிருக்கிற பட்டியலில் எங்கள் மொழியை ஒரு வியாதியாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா? ஹட்டன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "நீங்க சொல்றது நியாயம்தான்" என்றார். அந்த நியாயத்தை வைத்து நான் என்ன செய்வது?

ப்ரோனா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"கிரான்யா, உனக்கு அவ உன் பள்ளிக்கூடத்துல இருக்கணுமா, வேணாமா?"

"இருக்கணும். ஆனா இப்படி..."

"கையெழுத்து போட்டா இருப்பா. போடலைன்னா ஒப்பந்தப்படி போயிடுவா. நான் பேச்சு மாறமாட்டேன், தெரியும்ல? உன் கொள்கைக்கு என் மகளைப் பலி குடுக்காதே. ஒரு கையெழுத்துதானே? நான் பேங்குல என்னென்னத்துக்கோ போட்டிருக்கேன்."

நான் பேசாமல் இருந்துவிட்டேன். இருந்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. பேசியிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? இருக்கணும் என்றால் போடு, போடாதே என்றால் போ. இரண்டு பக்கமும் சுவர்தான் இருந்தது.

ஏடீன் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. பேனாவை எடுத்தாள். அந்தக் கட்டத்தில் குறி போட்டாள், கீழே தன் பெயரை ஐரிஷில் எழுதினாள். ஹட்டன் எங்களுக்குக் கை கொடுத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது, ப்ரோனா நல்ல மனநிலையில் இருந்தாள், போகும் வழியில் மூவருக்கும் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். ஏடீன் தன் பங்கைச் சாப்பிட்டாள். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், அது வழக்கமில்லாதது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புதுச் சான்றிதழ் சீக்கிரமே வந்தது. ஏ ஸ்டார். அவள் பெயரில் ஓர் எழுத்தின் மேல் ஐரிஷில் வரவேண்டிய நீட்டல் குறியை வழக்கம்போல் விட்டுவிட்டு அச்சடித்திருந்தார்கள், அது வேறு சண்டை, அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. தலைமையாசிரியர் அவள் படத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். ஐரிஷில் எழுதி வேதியியலில் உச்ச மதிப்பெண் என்று கீழே பெரிதாகப் போட்டார். சேர்க்கைக்காக வந்து போகிற பெற்றோரிடமெல்லாம் காட்டினார்.

ஃபெர்கலுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. ப்ரோனாவின் கடையில்தான் இருக்கும், முடி வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஒருநாள் ஃபோன் செய்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஐரிஷ் வராதுன்னு எழுதி வாங்கினாங்களாமே?"

"ஆமா."

"என் பேரைக் காப்பாத்தவா?"

"உங்க பேரை இல்ல, மொழிபெயர்ப்பை."

"இனிமே நான் விடைத்தாளைத் தொடமாட்டேன்மா. இந்த வயசுல ஒரு பிள்ளையோட நாக்கை அறுத்தது போதும்."

வேண்டாம், நிறுத்தாதீர்கள், நீங்கள் நிறுத்தினால் எல்லாமே வீணாகிவிடும் என்று கெஞ்சினேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார். மறுபடி நான் அழைத்தபோது எடுக்கவில்லை. உறையைப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, பிரிக்காமலே அது ஆகிவிட்டது. அன்று மாலை முழுவதும் ஆய்வகத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஏடீனாவது இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறப்பதற்கு முன்னால் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"கிரான்யா. உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வந்தேன்."

"வா, வா. இந்தப் பெட்டியை அந்தப் பக்கம் பிடி."

அவள் நகரவில்லை. "நான் பள்ளி மாறுகிறேன். திங்கட்கிழமை முதல் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்கிறேன்."

பெட்டியை வைத்தேன். "உங்கம்மாவா? அவளுக்கு என்ன வந்துச்சு? ஏ ஸ்டார் வாங்கியாச்சே! நான் இப்பவே கடைக்குப் போய் அவளை..."

"அம்மா இல்லை. அம்மா என்னை இருக்கச் சொன்னார். நான்தான் முடிவு செய்தேன்."

"ஏன்?"

"நான் கையெழுத்திட்டேன்."

"அது வெறும் காகிதம்டி! ஒரு மார்க்குக்காகப் போட்டது. உனக்கு ஐரிஷ் வராதுன்னு அந்த ஹட்டனே நம்பல!"

"எனக்கும் முன்பு அப்படித்தான் தோன்றியது. இப்போது எதை எழுத நினைத்தாலும், இந்தச் சொல்லுக்கு ஃபெர்கல் என்ன பொருள் கொள்வார் என்ற எண்ணம் வருகிறது. அதன் பிறகு எழுத முடியவில்லை. நீங்கள் எனக்காகச் செய்த அனைத்திற்கும் நன்றி."

ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவள் கைகள் இரண்டும் பக்கவாட்டில் அசையாமல் தொங்கின. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சின்னதாக நின்று, சரிபார்த்துப் பிறகு வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். செய்தி வாசிப்பவள் மாதிரி. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"ஏண்டி இப்படிப் பேசுற? என்கிட்ட என்னடி வந்து பிரசங்கம்? முன்ன மாதிரி பேசு!"

அவள் முகம் சிவந்தது. பையிலிருந்து எதையோ எடுக்கப் போனவள், எடுக்காமல் பையை மூடினாள்.

"சொல்ல வேண்டியதை முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு ஒவ்வொரு சொல்லாக ஐரிஷ் அகராதியில் பார்த்து, மனப்பாடம் செய்து வந்தேன். உங்களிடமாவது பிழையில்லாமல் பேசிவிட்டுப் போக வேண்டும் என்று." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "சரியாக இருந்ததா?"

"இருந்துச்சு" என்றேன்.

ஒரு பிழைகூட இல்லை. இத்தனை வருடங்களில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஐரிஷில், பிழையே இல்லாதது அது ஒன்றுதான்.